பழைய பாய்மரப் படகு இரண்டு: எதை வாங்குவது?

வாசகர் கேள்வி, கடலோடி பதில்

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் ஆறு வருஷமாகப் பினாங்கு நீரிணையில் நண்பர்களின் பாய்மரப் படகில் வார இறுதிகளில் ஓடிப் பழகியவர்கள். எனக்கு 51 வயது, அவருக்கு 56. அடுத்த வருஷம் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறோம். லங்காவியில் ஒரு படகு வாங்கி, இரண்டு வருஷம் அதிலேயே வாழ்ந்து பழகிவிட்டு, அப்புறம் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கும் அங்கிருந்து மாலத்தீவுக்கும் போக ஆசை. இரண்டு படகு பார்த்திருக்கிறோம். ஒன்று 1982இல் கட்டிய தயானா 37. கேட்கிற விலை 1 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மேல்தளத்தின் தேக்குப் பலகை கட்டும்போது போட்டதே. இன்னொன்று 2003ஆம் வருஷத்து பெனெட்டோ ஓஷனிஸ் 393. விலை 2 லட்சத்து 80 ஆயிரம். புக்கெட்டில் எட்டு வருஷம் வாடகைக்கு ஓடியது. பெரிய பாய், பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் வகை. எங்கள் கையில் மொத்தம் 3 லட்சத்து 20 ஆயிரம்தான். அவருக்குத் தயானா மேல் கண். எனக்கு ஓஷனிஸின் வெளிச்சமும் காற்றோட்டமும் பிடித்திருக்கின்றன. எதை வாங்கலாம்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நடுக்கடலில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் ஒருத்தியாகப் படகைக் கரை சேர்க்க முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, கடைசியாகக் கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். படகு வாங்கப் போகிறவர்கள் பலர் என்னிடம் வந்து இன்ஜின், பாய், விலை என்று எல்லாம் கேட்பார்கள். இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இரண்டு பேர் மட்டும் போகிற படகில் ஒருவர் படுத்துவிட்டால் மீதி இருப்பவர் ஒருவர்தான். இராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், நீங்கள் தனியாகப் பாயைக் குறைக்க முடிகிற படகுதான் உங்கள் இருவருக்குமான படகு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் இரண்டும் எப்படிப்பட்ட படகுகள் என்று பார்ப்போம். தயானா 37 அமெரிக்கரான பாப் பெர்ரி வரைந்தது. தைவானில் தா யாங் கட்டும் தளத்தில் 1970களின் நடுவில் தொடங்கி ஐந்நூறுக்கும் மேல் கட்டினார்கள். எடை 22,500 பவுண்டு, அதாவது பத்து டன்னுக்குச் சற்று மேல். அகலம் பதினொன்றரை அடி. வள்ளம் போல முன்னும் பின்னும் கூர். அடியில் நீளமான கீல். கீல் என்றால் படகைச் சாயாமல் நிறுத்தும் அடிக்கனம். நாகப்பட்டினத்துக்காரரான என் தாத்தா அதை ஏரா என்பார். தயானாவில் இந்தக் கனம் வார்ப்பிரும்பு. அது ஃபைபர்கிளாஸ் ஓட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, எனவே கழன்று விழ போல்ட் கிடையாது. சுக்கான் கீலின் பின்விளிம்போடு சேர்ந்தே தொங்குகிறது.

ஓஷனிஸ் 393 கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளம், ஏறக்குறைய 13 அடி அகலம், எடை எட்டு டன்னை ஒட்டி. தயானாவைவிட நீளம், அகலம், ஆனால் இரண்டு டன் குறைவு. கீல் குட்டையான துடுப்பு போல இறங்குகிறது. அது இரும்பு, படகின் அடியில் போல்ட் போட்டு முடுக்கியது. சுக்கான் பின்னால் தனியாக ஒரு தண்டில் தொங்குகிறது. அதனால்தான் மரீனாவுக்குள், அதாவது படகுகள் கட்டும் துறைக்குள், நினைத்த இடத்தில் திரும்புகிறது. தயானாவைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், தன் விருப்பத்துக்குப் போகும். அதைக் கட்டும் இடத்தில் நிறுத்தப் பழக ஒரு மாதம் ஆகும்.

கனமான நீளக்கீல் படகுதான் கடலுக்கு ஏற்றது, இலேசானது ஆகாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் நீளக்கீல் படகுக்கு மட்டுமே அனுமதி. நம் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி 2023இல் இரண்டாவதாக முடித்தது அப்படிப்பட்ட ரஸ்ட்லர் 36 படகில்தான். ஆனால் அதே டோமி, 2018 செப்டம்பரில் அதே போட்டியில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகு உடைந்து, நகர முடியாமல் கிடந்து மீட்கப்பட்டார். அந்தப் படகும் நீளக்கீல்தான். அந்த வருஷம் இன்னும் சிலரின் பாய்மரமும் முறிந்தது. படகின் வடிவம் ஓரளவு காக்கும், அவ்வளவுதான்.

1979 ஃபாஸ்ட்நெட் போட்டியில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு ஒரு கணக்கு உண்டாக்கினார்கள். படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் படகின் அகலத்தை வகுக்க வேண்டும். அகலம் அடியில். விடை 2க்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்குப் பரவாயில்லை என்பார்கள். தயானாவுக்கு 1.63 வருகிறது. ஓஷனிஸ் சரியாக 2ஐத் தொட்டு நிற்கிறது. உங்கள் கணவர் இந்த எண்ணை உங்களிடம் காட்டியிருப்பார். இது அகலத்தையும் எடையையும் மட்டும் பார்க்கிற கணக்கு; எடை படகில் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதேபோல ஓஷனிஸில் ஒட்டியிருக்கும், ஆழ்கடலுக்கு ஏற்றது என்னும் 'ஏ' வகைச் சான்றைப் பார்த்து விற்பவர் பெருமையாகச் சொல்வார். அது ஐரோப்பியச் சட்டப்படி 1998 முதல் வந்தது, அந்தப் படகு புதிதாக இருந்தபோது கொடுத்தது. எட்டு வருஷம் வாடகைக்கு ஓடி, எத்தனை முறை தரை தட்டியதோ, அதைப் பற்றி அந்தத் தகடு ஒன்றும் சொல்லாது.

இப்போது என் கதை ஒன்று. படகைத் தேர்ந்தெடுப்பதில் நான் எதைப் பார்க்கிறேன் என்பது இதிலிருந்துதான் வந்தது.

நான் பினாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் இன்ஜின் வேலை பார்த்தவன். அப்புறம் 34 அடிப் படகு ஒன்று வாங்கி, நானும் என் மனைவியும் பதினோரு வருஷம் அதில் வாழ்ந்தோம். வாங்கிய நான்காம் மாதம் சபாங் போனோம். லங்காவியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 260 கடல் மைல், சுமத்ராவின் வடமுனைக்கு அருகே இருக்கும் தீவு. இரண்டாம் இரவு, காற்று 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் இருக்கும், பெரிய காற்று ஒன்றும் இல்லை. இரும்புக் கம்பி அறுவதுபோல ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் காற்றுப் பக்கம் பாய்மரத்தைத் தாங்கும் கம்பி தொங்குகிறது. கம்பி அறவில்லை. அது மாட்டியிருந்த தகடு மேல்தளத்தின் மட்டத்தில் வெட்டியெடுத்ததுபோல முறிந்திருந்தது. மரம் வில்லாக வளைந்து நின்றது. என் மனைவி சக்கரத்தைச் சுழற்றிப் படகை மறுபக்கக் காற்றுக்குத் திருப்பியதால் பாரம் அடுத்த பக்கத் தகடுக்குப் போய் மரம் தப்பியது. பாய் ஏற்றும் கயிறு ஒன்றை ஓரத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, இன்ஜினில் மெதுவாகத் திரும்பி வந்தோம்.

அந்தத் தகடு துருப்பிடிக்காத எஃகு. வெளியே தெரிந்த பகுதி கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மேல்தளத்துக்குள் மறைந்திருந்த அரை அங்குலம் மட்டும் கறுத்து, பாதிக்கு மேல் அரித்துப்போயிருந்தது. அந்த எஃகு காற்றுப் பட்டால்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். உப்புத்தண்ணீர் தேங்கி, காற்று புகாத இடுக்கில் வைத்தால் சத்தமில்லாமல் விரிசல் விடும். பழைய படகில் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியது இதைத்தான், கண்ணுக்குத் தெரியாத உலோகத்தை. இரண்டு படகிலும் அது உண்டு, இருக்கும் இடம்தான் வேறு.

தயானாவில் முதல் இடம் இதே தகடுகள். உள்ளே அலமாரிக்குப் பின்னால் போய் ஓட்டோடு போல்ட் போட்டிருக்கும். 1982க்குப் பிறகு யாராவது கழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரசீதோ படமோ இல்லையென்றால் கழற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, முன்னால் நீட்டியிருக்கும் மரத்தண்டு. அதை நீர்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்று இருக்கும், அது மாட்டியிருக்கும் தகடும் எப்போதும் ஈரத்தில் கிடப்பது. மரத்தண்டை, இரும்பு வளையம் பிடிக்கிற இடத்தில், கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். மூன்றாவது, டீசல் தொட்டி. பல தயானாக்களில் அது கறுப்பு இரும்பில் செய்தது, முன்பக்கப் படுக்கைக்கு அடியில் இருக்கும். நிறைத்தால் கால் டன்னுக்கும் மேல் எடை படகின் மூக்கில் உட்காரும், ஒவ்வோர் அலைக்கும் மூக்கு குத்தும். பலர் அதை எடுத்துவிட்டு நடுப்பக்கம் புதிய தொட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் படகில் மாற்றியிருந்தால் முந்தைய சொந்தக்காரர் விவரம் தெரிந்தவர் என்று அர்த்தம்.

நான்காவதுதான் பெரிய செலவு: மேல்தளம். தேக்குப் பலகையை ஆயிரக்கணக்கான திருகாணி போட்டு இறக்கியிருப்பார்கள். அடியில் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே மரம். நாற்பது வருஷத்தில் ஒவ்வொரு திருகாணி ஓட்டையிலும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, உள்ளே இருக்கும் மரம் ஈரமாகி மக்கிவிடும். ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது மாதிரிதான். 'டக்' என்று கேட்டால் நல்லது, 'தொப்' என்றால் உள்ளே போய்விட்டது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். விற்பவர் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். விலை பேசும்போது அந்த வட்டங்கள் உங்களுக்காகப் பேசும்.

ஓஷனிஸில் மறைந்த உலோகம் அடியில் இருக்கிறது. படகைத் தூக்கச் சொல்லுங்கள். பட்டையில் தொங்கும்போது கீலும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள், முக்கியமாகக் கீலின் பின்முனையில். பிறகு தரையில் இறக்கி, எடை கீல் மேல் நிற்கும்போது மறுபடி பாருங்கள். கோடு விரிந்து மூடினால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். படகு பாறையில் இடித்தால் கீலின் பின்முனை உடலை மேல்நோக்கிக் குத்தும். உள்ளே அந்த இடத்துக்கு நேர்மேலே தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். இப்படிப்பட்ட படகுகளில் உடலுக்குப் பலம் கொடுக்க ஒரு கட்டச் சட்டத்தைத் தனியாக வார்த்து, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தச் சட்டத்தின் ஓரத்தில் மயிர்க்கோடு போல விரிசலோ, புதுப் பெயின்டோ, போல்ட் தலையைச் சுற்றித் துருநீர்க் கறையோ இருக்கிறதா? புதுப் பெயின்ட் எனக்கு விரிசலைவிடப் பயம்.

2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில் வட அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். அது ஓஷனிஸ் இல்லை, அதே நிறுவனத்தின் ஃபர்ஸ்ட் 40.7 என்ற பந்தயப் படகு. முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பிடித்திருந்த இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. ஒழுங்காகப் பராமரித்த ஓஷனிஸ்கள் எத்தனையோ பெருங்கடல் தாண்டியிருக்கின்றன. எட்டு வருஷம் யார் யாரோ வாடகைக்கு எடுத்து ஓட்டிய படகு என்பதால் மட்டும் சொல்கிறேன். சுக்கானையும் கீழ்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் தாங்கி தேய்ந்துவிட்டது.

வாழ்வதற்கு எது என்றால், இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. லங்காவியில் நங்கூரம் போட்டு ஏப்ரல் மாத மதியத்தைக் கழித்தவர்களுக்குக் காற்றோட்டம் என்பது சொகுசு இல்லை என்று தெரியும். ஓஷனிஸில் மேலே திறக்கும் கதவுகள் நிறைய, உள்ளே வெள்ளையும் வெளிச்சமும், பின்பக்கம் படி இறங்கி நேராகத் தண்ணீருக்குப் போகலாம். சிறு படகிலிருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் தூக்கி ஏற்றும்போது அந்தப் படி பெரிய வரம். மூட்டு வலி இருந்தால் இன்னும் பெரிய வரம். தயானா உள்ளே முழுக்கத் தேக்கு. அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் ஒவ்வோர் அலமாரியையும் மாதம் ஒருமுறை வினிகர் போட்டுத் துடைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மேல்தளத் தேக்கில் மதியம் வெறுங்காலோடு நிற்க முடியாது.

ஆனால் கடலில் இதே கணக்கு புரண்டுவிடும். அகலமான ஹாலில் படகு 25 பாகை சாயும்போது நடுவில் நின்றால் கைக்கு எதுவும் எட்டாது. நீங்கள் விழுந்தால் தூரமாக விழுவீர்கள். பெரும்பாலான தயானாக்களில் அடுப்படி 'ப' வடிவம். இடுப்பை ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் சோறு வடிக்கலாம். என் மனைவி மோசமான கடலிலும் ரசம் வைத்தவர். அதற்குக் காரணம் எங்கள் படகின் அடுப்படி ஓர் ஆள் மட்டும் நிற்கிற அளவு ஒடுக்கமாக இருந்ததுதான். கடல் கட்டில்களையும் பாருங்கள். ஓஷனிஸின் பின் அறைகளில் இரட்டைப் படுக்கை. துறைமுகத்தில் சுகம், சாயும் படகில் ஒருவர் மேல் ஒருவர் உருளுவீர்கள். ஹாலின் நீள இருக்கைக்குத் துணித்தடுப்பு தைத்துக் கட்டினால் அதுதான் படுக்கும் இடம். இதைப் பணம் அதிகம் இல்லாமல் சரிசெய்யலாம்.

வழியைப் பற்றி ஒரு வார்த்தை. லங்காவியிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 1,150 கடல் மைல். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று முதுகுப் பக்கம் வரும், நீரோட்டமும் மேற்கே தள்ளும். தயானா ஒன்பது நாள் எடுத்தால் ஓஷனிஸ் ஏழரை, எட்டு நாளில் போகும். ஒன்றரை நாள் வித்தியாசம் பெரிதில்லை. லங்காவியைச் சுற்றி ஆறேழு நாட் காற்றில் சும்மா உலாவும்போது மட்டும் தயானா நகரவே மறுக்கும், இன்ஜினைத்தான் போடுவீர்கள். காலியை நெருங்கும்போது கவனம் காற்றில் இருக்காது. இலங்கையின் தெற்கே பெருங்கப்பல்கள் வரிசையாகப் போகும், உள்ளே வந்தால் மீன்பிடிப் படகுகளும் வலைகளும். அங்கே உங்களில் ஒருவர் தூங்காமல் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய எட்டு நாளும் ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் ஒருத்தி.

ஓஷனிஸில் பெரிய பாயை உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிறு இழுத்து மரத்துக்குள் சுருட்டலாம். மேல்தளத்தில் முன்னே போக வேண்டாம். தனியாக இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பாய் பழையதாகிப் பை போலத் தொங்கினால் மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். பாதி உள்ளே பாதி வெளியே சிக்கிய பாய் பலத்த காற்றில் பயங்கரமானது. எனவே அந்தப் படகை வாங்கினால் புதுப் பாய் தைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

தயானாவில் பாயைக் குறைக்கப் பாய்மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும். பாய் கனம். ஆனால் அந்தப் படகுக்கு ஒரு குணம் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. முன்னால் இரண்டு பாய். உள்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சக்கரத்தைத் திருப்பிப் பூட்டிவிட்டால், படகு காற்றுக்குச் சற்றுச் சாய்வாகத் திரும்பி நின்றுகொள்ளும். அலையின் ஆட்டம் பாதியாகக் குறையும். மணிக்கு ஒரு மைல் பக்கவாட்டில் நழுவும், அவ்வளவே. நீங்கள் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, உங்கள் கணவருக்கு மருந்து கொடுத்து, கஞ்சி வைத்து, ரேடியோவில் பேசி, இரண்டு மணி நேரம் படுக்கலாம். நீளக்கீல் படகு இதைத் தானாகச் செய்யும். ஓஷனிஸ் போன்ற படகைப் பிடித்து வைத்தால் மூக்கை அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டே இருக்கும், நீங்களும் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தயானாவின் கூர்ப் பின்பக்கத்தில் காற்றால் இயங்கும் தானியங்கிச் சுக்கானும் மாட்டலாம். மின்சாரம் வேண்டாம், இராப்பகலாக ஓட்டும், களைக்காது. ஒன்பது நாளில் கையால் ஓட்டுகிற நேரம் ஒரு மணி நேரம்கூட வராது.

பணக் கணக்கு. இது என் அனுபவத்தில் போட்டது, ஆளுக்கு ஆள் மாறும். தயானாவில் தேக்கை எடுத்து, மக்கிய மரத்தை மாற்றி, ஃபைபர்கிளாஸ் போட்டு வெள்ளையடிக்க 70 ஆயிரம் வெள்ளி. தகடுகளும் பாய்மரக் கம்பிகளும் 40 ஆயிரம். தொட்டி 10 ஆயிரம். தானியங்கிச் சுக்கான், பழசாகக் கிடைத்தால் 15 ஆயிரம். கேட்கிற விலையோடு சேர்த்தால் 2 லட்சத்து 95 ஆயிரம். ஓஷனிஸில் கம்பிகள் மாற்ற 30 ஆயிரம், பாய் 20 ஆயிரம் என்றால் 3 லட்சத்து 30 ஆயிரம். இன்னும் கீல் கழற்றவில்லை, இன்ஜினைத் தொடவில்லை. அதற்குள்ளேயே உங்கள் கையிருப்பைத் தாண்டிவிட்டது. பார்க்க மலிவாகத் தெரிந்த படகும் விலை கூடிய படகும் கடைசியில் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன. தயானாவில் செலவழித்த பிறகு உங்கள் படகின் ஒவ்வொரு போல்ட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் தயானா. மூன்று நிபந்தனையோடு. ஒன்று, விலை 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கு வர வேண்டும். சாக்பீஸ் வட்டங்களைக் காட்டுங்கள். அசையவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், லங்காவியில் வேறு படகு வரும். இரண்டு, முதல் வறண்ட காலத்திலேயே, படகில் குடியேறும் முன், கூடாரம் போட்டு மேல்தள வேலையை முடிக்க வேண்டும். தூசிக்குள் குடும்பம் நடத்த முடியாது. நாங்கள் நடத்திப் பார்த்து, என் மனைவி ஒரு வாரத்தில் இருமலோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வறண்ட காலத்தில் சபாங் போய்த் திரும்புங்கள். அதற்கடுத்ததில் காலி. உங்களுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது என்பதால்தான் இந்தப் படகைத் தைரியமாகச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது நிபந்தனை உங்களுக்கு. பணம் கொடுக்கும் முன் ஓட்டிப் பார்க்கும் நாளில், 15 நாட் காற்றில், உங்கள் கணவரும் விற்பவரும் கை கட்டி உட்காரட்டும். நீங்கள் தனியாக மரத்தடிக்குப் போய்ப் பெரிய பாயை ஒரு மடிப்புக் குறைத்துக் கட்டுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. முடிந்தால் வாங்குங்கள். கயிறுகளுக்கு நல்ல சுருட்டி மாட்டினால் முடியும் என்று தோன்றினாலும் வாங்குங்கள். இந்தக் கனம் எனக்கு ஆகாது என்று உங்கள் தோள் சொன்னால், அவருக்கு அந்தப் படகு எவ்வளவு பிடித்திருந்தாலும் வேண்டாம். அப்போது ஓஷனிஸின் கீலைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள், அங்கிருந்து பேசுவோம்.

கேள்வி: இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் சாயாது, இடமும் அதிகம் என்கிறார்களே. ஏன் அதைச் சொல்வதில்லை?
– வாசகர், சிரம்பான்

பதில்: நல்ல படகுதான். அதே விலைக்குக் கிடைப்பது ஒன்று மிகப் பழசாக இருக்கும் அல்லது சிறிதாக இருக்கும். மரீனாவில் அகலத்துக்குத் தகுந்து வாடகையும் கூடும். சிறிய கேட்டமரானில் வீட்டுச் சாமானை ஏற்றினால் எடை கூடி, இரண்டு உடலையும் இணைக்கும் தளத்தின் அடியில் அலை அடித்துக்கொண்டே இருக்கும். 40 அடிக்கு மேல் வாங்க வசதி இருந்தால் தாராளமாகப் பாருங்கள்.

கேள்வி: சர்வேயருக்குக் கொடுக்கிற பணம் வீண் என்று நண்பர் சொல்கிறார். நாமே பார்த்தால் போதாதா?
– வாசகர், கிள்ளான்

பதில்: படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் வேண்டும். விற்பவரோ தரகரோ சொல்லும் ஆளை வைக்காதீர்கள், நீங்களே தேடுங்கள். காப்பீடு எடுக்கப் போனாலும் அந்த அறிக்கையைக் கேட்பார்கள். பாய்மரக் கம்பிகளின் வயதையும் கேட்பார்கள். சர்வேயர் பார்க்கும் நாளில் நீங்களும் பழைய சட்டை போட்டுக்கொண்டு கூடவே தவழ்ந்து போங்கள். அறிக்கையில் எழுத முடியாததை வாயால் சொல்வார்.

சர்வேயர்களில் பலர் இன்ஜினை ஆழமாகப் பார்க்கமாட்டார்கள். அது என் தொழில் என்பதால் சொல்கிறேன். 'நான் வரும் வரை இன்ஜினைப் போடாதீர்கள்' என்று முந்தைய நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக உள்ளங்கையை இன்ஜின் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அது கிளம்ப அடம்பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஜில்லென்று இருந்தால் கிளப்பச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்ப் புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை ஒரு நிமிஷத்தில் போய்விட வேண்டும். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுசாக எரியவில்லை. பிறகு கடலில் முழு வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். ஐந்து நிமிஷத்தில் விற்பவர் கையை நீட்டி வேகத்தைக் குறைக்கப் பார்ப்பார். குறைக்க விடாதீர்கள். சூடு காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நில்லுங்கள்.